சோல் தட்டுகளைத் தேடி: மெம்ஃபிஸ், மஸ்ஸல் ஷோல்ஸ், நாஷ்வில்

மே 12, மெம்ஃபிஸ்

விமான நிலையக் கதவு திறந்ததும் முகத்தில் அடித்தது புழுக்கம். மே மாதமே இப்படியென்றால் ஆகஸ்டில் என்ன செய்வார்களோ. கல்லூரி நண்பன் ஒருவன் ஹன்ட்ஸ்வில்லில் வேலை பார்க்கிறான். மூன்றரை மணி நேரம் கார் ஓட்டி வந்து காத்திருந்தான். அவனுக்கு எல்விஸ் வீட்டைப் பார்க்க ஆசை. எனக்கு எல்விஸ் வேண்டாம் என்றதும், "பின்ன எதுக்குடா மெம்ஃபிஸ் வந்த?" என்றான்.

காரில் போகும்போதே சொல்லிவிட்டேன். 1960களில் அமெரிக்கத் தெற்கில் கறுப்பினப் பாடகர்கள் பாடிய சோல் என்ற இசைவகைப் பாட்டுகள், ஏழு அங்குல இசைத்தட்டில், சின்னச் சின்னக் கம்பெனிகள் போட்டவை. அந்தத் தட்டுகள் வேண்டும். அதோடு அந்தக் கம்பெனிகள் எந்தத் தெருவில், எந்தக் கட்டடத்தில் இருந்தன என்றும் பார்க்க வேண்டும். மோட்டவுன், அட்லாண்டிக் மாதிரி பெரிய கம்பெனிகளின் ஹிட் பாட்டுகள் எங்கே போனாலும் கிடைக்கும். அரிய தட்டு என்பது பெரும்பாலும் தோற்ற தட்டு. சில நூறு பிரதி அடிப்பார்கள், ரேடியோக்காரர்களுக்குக் கொடுப்பார்கள், யாரும் போட மாட்டார்கள், மிச்சம் குப்பைக்குப் போகும். ஃபிராங்க் வில்சன் என்பவர் 1965இல் மோட்டவுன் வைத்திருந்த 'சோல்' என்ற துணை லேபிளுக்கு (தட்டு வெளியிடும் கம்பெனிப் பெயர்) பாடிய ஒரு பாட்டு கடைக்கே வரவில்லை. முன்னோட்டப் பிரதிகளை அழித்துவிட்டார்கள். தப்பிய பிரதி ஒன்று 2009இல் 25 ஆயிரம் பவுண்டுக்கு மேல் விலை போனது.

"பைத்தியக்காரப் பயலுக" என்றான் நண்பன். அந்த விலைக்கு நானும் அதைத்தான் சொல்வேன். என் எல்லை அதிகபட்சம் 40 டாலர்.

இரவுச் சாப்பாட்டுக்கு ரிப்ஸ். மெம்ஃபிஸில் குழம்பாகச் சாஸ் ஊற்றாமல் மிளகு, மிளகாய்த் தூள், பூண்டுத் தூள் எல்லாம் உலர்வாகத் தடவிச் சுடுவதும் உண்டு. அதைக் கேட்டு வாங்கினேன். பரிமாறிய அம்மாள் எங்களை "பேபி" என்றார், பக்கத்து மேசையில் இருந்த எண்பது வயதுக்காரரையும் "பேபி" என்றார். இருவருக்கும் டிப்ஸ் சேர்த்து 62 டாலர். முதல் நாளே கை கடித்தது.

மே 13, மெம்ஃபிஸ்

காலையில் ஸ்டாக்ஸ். கிழக்கு மெக்லமோர் அவென்யூ, எண் 926.

கதை பலருக்குத் தெரிந்ததுதான். ஜிம் ஸ்டூவர்ட் பகலில் வங்கி ஊழியர், மற்ற நேரத்தில் கன்ட்ரி இசைக்கு ஃபிடில் வாசிப்பவர். 1957இல் சாட்டிலைட் என்ற பெயரில் கம்பெனி தொடங்கினார். அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டன் வீட்டை அடமானம் வைத்து ஒலிப்பதிவுக் கருவி வாங்கிக் கொடுத்தார். 1960இல் மூடிக் கிடந்த கேபிடல் தியேட்டரை வாடகைக்குப் பிடித்தார்கள். அடுத்த வருஷம் ஸ்டூவர்ட், ஆக்ஸ்டன் இருவர் பெயரின் முன்னெழுத்துகளையும் சேர்த்து ஸ்டாக்ஸ் ஆக்கினார்கள். தியேட்டரில் பாப்கார்ன் விற்ற இடத்தில் எஸ்டெல் ரெக்கார்டு கடை வைத்தார். எனக்கு இந்தக் கதையில் பிடித்ததே அந்தக் கடைதான். தெருப் பிள்ளைகள் வந்து என்ன கேட்கிறார்கள், எதைப் போட்டால் ஆடுகிறார்கள் என்று கவனித்து, பின்னால் ஸ்டூடியோவில் இருப்பவர்களுக்குச் சொல்வார். கடைக்கு வந்து போன பிள்ளைகளில் சிலர் அதே ஸ்டூடியோவில் வாசிக்கவும் செய்தார்கள்.

இப்போது நிற்பது அசல் கட்டடம் இல்லை. அதை 1989இல் இடித்துவிட்டார்கள். அதே இடத்தில் 2003இல் அருங்காட்சியகமாகத் திரும்பக் கட்டினார்கள். ஸ்டூடியோவின் தரையைச் சரிவாகவே விட்டிருக்கிறார்கள். தியேட்டர் தரையைச் சமன் செய்ய அன்றைக்குப் பணம் இல்லை, அந்தச் சரிவே பின்னால் ஒலிக்கு ஒரு குணம் கொடுத்தது. ஸ்டாக்ஸ் பாடகர் ஐசக் ஹேஸின் தங்க முலாம் பூசிய கெடிலாக் கார் ஒரு கூடத்தில் நிற்கிறது. நண்பன் அங்கேதான் அதிக நேரம் நின்றான்.

1968இல் நடந்தது பற்றிய பலகையை இரண்டு தடவை படித்தேன். ஸ்டாக்ஸ் தட்டுகளை விநியோகித்த அட்லாண்டிக் கம்பெனி கைமாறியபோதுதான், விநியோக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதிலேயே அட்லாண்டிக் விநியோகித்த தட்டுகளின் மாஸ்டர் டேப்புகள் (அசல் ஒலிநாடாக்கள்) மீதான உரிமையும் அட்லாண்டிக்குக்குப் போய்விட்டது என்று ஸ்டூவர்ட்டுக்குத் தெரிந்தது. அதற்குச் சில மாதம் முன்பு, 1967 டிசம்பரில், ஸ்டாக்ஸின் பெரிய பாடகர் ஓட்டிஸ் ரெடிங் விமான விபத்தில் போய்விட்டார். ஸ்டாக்ஸ்காரர்கள் எழுந்து நின்று மறுபடியும் ஏழு வருஷம் ஓட்டினார்கள். 1975 டிசம்பரில் திவால்.

மதியம் பக்கத்திலேயே மிசிசிப்பி பூலவார்டில் ஃபோர் வே உணவகம். 1946இலிருந்து இருக்கிறது. மார்ட்டின் லூதர் கிங் சாப்பிட்ட இடம், ஸ்டாக்ஸ்காரர்களும் சாப்பிட்ட இடம். பொரித்த கெளுத்தி, டர்னிப் கீரை, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, சோள ரொட்டி. கீரையை நன்றாகக் குழைய வேகவைத்து அடியில் தண்ணீரோடு தருகிறார்கள். அந்தத் தண்ணீரில் சோள ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிட வேண்டும் என்று பக்கத்து மேசைப் பெரியவர் கேட்காமலே சொல்லிக் கொடுத்தார். தோய்த்தபின் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும்வரை அவர் தன் தட்டைத் தொடவில்லை. தலைக்கு 17 டாலர். நேற்றைய 62ஐ நினைத்து வயிறு எரிந்தது.

அப்புறம் ராயல் ஸ்டூடியோ. ஹை ரெக்கார்ட்ஸ் என்ற கம்பெனி இயங்கிய இடம், இதுவும் பழைய தியேட்டர். தயாரிப்பாளர் வில்லி மிட்செல் இங்கேதான் பாடகர் ஆல் கிரீனைப் பதிவு செய்தார். தெருவுக்கே இப்போது மிட்செல் பெயர். குடும்பம் இன்னும் நடத்துகிறது. உள்ளே ஏதோ பதிவு நடந்துகொண்டிருந்ததால் வெளியே நின்று பார்த்துவிட்டு நகர்ந்தோம்.

கடைசியாக வடக்கே செல்சீ அவென்யூ, எண் 1746. சுற்றுலாப் பட்டியல்களில் இது அதிகம் வராது. பிளாஸ்டிக் ப்ராடக்ட்ஸ் என்ற தட்டு அச்சிடும் தொழிற்சாலை இருந்த இடம். ஜூக்பாக்ஸ் (காசு போட்டால் தட்டு பாடும் பெட்டி) வியாபாரம் செய்த பஸ்டர் வில்லியம்ஸ் 1949இல் தொடங்கினார். சன், செஸ், அட்லாண்டிக், ஸ்டாக்ஸ் என்று பல கம்பெனிகளும் இங்கே அச்சிட்டார்கள். இப்போது ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. நான் அதைப் படம் எடுப்பதைப் பார்த்து, எதிர்ப்பக்கம் புல் வெட்டிக்கொண்டிருந்தவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்தார். வழி தவறிவிட்டோமா என்று கேட்கத்தான் வந்தார். விஷயம் தெரிந்ததும், அவருடைய அத்தை அங்கே தட்டுகளை உறையில் போடும் வேலை பார்த்ததாகச் சொன்னார். "வீட்டுக்குத் தட்டு கொண்டு வருவாரா?" என்றேன். "சம்பளம் கொண்டு வருவார்" என்றார்.

சின்ன லேபிள்கள் இத்தனை முளைத்ததற்கு இந்த மாதிரித் தொழிற்சாலை ஒரு பெரிய காரணம். நம் ஊரில் எல்.பி. காலத்தில் பெரும்பாலும் எச்.எம்.வி.தான். ஒரு மளிகைக் கடைக்காரர் தன் தெருப் பாடகனின் தட்டை அச்சடிக்க நினைத்தாலும் எங்கே போவார்? இங்கே டேப்பையும் பணத்தையும் கொண்டுவந்து கொடுத்தால் வேலை முடிந்தது.

மே 14, மெம்ஃபிஸ்

இன்று முழுக்கத் தோண்டல்.

முதல் கடை ஒரு பழைய வீடு. வாசலில் பூனை, உள்ளே ஏ.சி. ஓடியும் வியர்வை. ஏழு அங்குலத் தட்டுகள் சுவர் ஓரமாகத் தரையில் அட்டைப் பெட்டிகளில் இருந்தன. மண்டி போட்டுத்தான் பார்க்க வேண்டும். கடைப் பையன் கேட்காமலே ஒரு தலையணையைக் கொண்டுவந்து போட்டான், முழங்காலுக்கு. சேகரிப்பவர்களின் வலி தெரிந்தவன்.

எதைப் பார்ப்பேன் என்றால், முதலில் லேபிள் பெயர், ஊர், விநியோகஸ்தர் பெயர். பிறகு தட்டைச் சாய்த்து, பாட்டு முடிந்து லேபிளுக்கு முன்னால் இருக்கும் வெற்று வளையத்தில் பொறித்திருக்கும் எண்கள். டெட் வாக்ஸ் என்பார்கள். மறுபதிப்பா, கள்ளத் தட்டா என்பதற்கான துப்பு பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும். இங்கிலாந்தில் அரிய சோல் தட்டுகளைப் போட்டு ஆடும் 'நார்தர்ன் சோல்' நடனக்கூடங்கள் சூடு பிடித்த 1970களில் அரிய தட்டுகளுக்குக் கள்ளப் பதிப்புகள் நிறைய வந்தன. அடுத்து, தட்டு வினைலா ஸ்டைரீனா, அதாவது எந்தப் பிளாஸ்டிக்கில் செய்தது, என்று பார்ப்பேன். ஸ்டைரீன் சீக்கிரம் தேயும். ரேடியோக்காரர்கள் பாட்டின் தொடக்கத்தைச் சரியாகப் பிடிக்க ஊசியை முன்னும் பின்னும் உருட்டியதில், முதல் சில நொடி வெறும் சரசரப்பாகப் போயிருக்கும். லேபிளில் பேனாவால் பெண்களின் பெயர் எழுதியிருந்தால் எனக்குச் சந்தோஷம். விருந்துக்கு எடுத்துப்போன தட்டு, கலந்துபோகாமல் இருக்கப் பெயர். விலை குறையும், போகட்டும்.

இரண்டு மணி நேரத்தில் கிடைத்தது: ஜேம்ஸ் கார் பாடிய, கோல்ட்வாக்ஸ் என்ற சின்ன லேபிள் போட்ட தட்டு ஒன்று, கீறலோடு, 12 டாலர். ஓ.வி. ரைட்டின் ஒரே கோல்ட்வாக்ஸ் தட்டும் சுவரில் மாட்டியிருந்தது. விலை என் எல்லையைத் தாண்டியது. கேட்க மட்டும் கேட்டேன், போட்டுக் காட்டினான்.

கோல்ட்வாக்ஸ்தான் எனக்கு மெம்ஃபிஸ். 1964இல் தொடங்கியவர்கள் இருவர். குவின்டன் கிளான்ச் கட்டடச் சாமான், இரும்புச் சாமான் விற்பனைப் பிரதிநிதி. ஹை ரெக்கார்ட்ஸைத் தொடங்கியவர்களிலும் அவர் ஒருவர், பிறகு வெளியே வந்துவிட்டார். மற்றவர் ருடால்ஃப் ரஸ்ஸல், மருந்துக் கடைக்காரர். எல்லோரும் "டாக்" என்பார்கள். ஒரு நாள் நள்ளிரவில் கிளான்ச்சின் வீட்டுக் கதவு தட்டப்படுகிறது. வாசலில் மூன்று பேர்: ரத்த வங்கியில் வேலை பார்த்த ரூஸ்வெல்ட் ஜேமிசன், பாடகர்கள் ஜேம்ஸ் கார், ஓ.வி. ரைட். கையில் டேப் ரெக்கார்டர். கூடத்தில் உட்கார்ந்து கேட்டார் கிளான்ச். ஜேமிசன் எழுதி ரைட் பாடிய "தட்ஸ் ஹவ் ஸ்ட்ராங் மை லவ் இஸ்" அந்த வருஷமே தட்டாக வந்தது. ஆனால் ரைட் ஏற்கெனவே பக்திப் பாட்டுக்காக ஹூஸ்டனில் தட்டுக் கம்பெனி நடத்திய டான் ரோபியிடம் ஒப்பந்தத்தில் இருந்தவர். ரோபி உரிமை கோரினார், கோல்ட்வாக்ஸ் ரைட்டை இழந்தது. அதே பாட்டை ஓட்டிஸ் ரெடிங்கும் பாடினார், இன்று பலர் அதை அவர் பாட்டென்றே நினைக்கிறார்கள். ஓட்டிஸை எனக்கும் பிடிக்கும். இந்தப் பாட்டில் மட்டும் ரைட்டின் பக்கம்தான் நிற்பேன்.

வங்கி ஊழியர், இரும்புச் சாமான் விற்பவர், மருந்துக் கடைக்காரர், ரத்த வங்கி ஊழியர். சோல் இசையின் சரித்திரத்தை இசைக்காரர்களை வைத்தே எழுதுகிறார்கள். எனக்கென்னவோ இந்தப் பக்கத் தொழில்காரர்கள் இல்லாமல் தெற்கில் பாதித் தட்டு வந்திருக்காது என்று தோன்றுகிறது. அவர்களிடம் கணக்கு வழக்கு சரியாக இருந்ததா, பாடகனுக்குச் சேர வேண்டியது சேர்ந்ததா என்பது வேறு கேள்வி. பல இடங்களில் சேரவில்லை.

மாலையில் ஒரு சொதப்பல். இணையத்தில் "கராஜ் முழுக்க சோல் தட்டுகள்" என்று ஒருவர் போட்டிருந்தார். 40 நிமிஷம் ஓட்டிப் போனால், கராஜில் தண்ணீர் புகுந்து உறைகளும் லேபிள்களும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. பூஞ்சை வாடையில் நண்பன் வெளியே ஓடிவிட்டான். மொத்தமாக 400 டாலர், பிரித்துத் தர மாட்டேன் என்றார். வேண்டாம் என்று திரும்பும்போது அவருடைய அம்மா உள்ளிருந்து வந்து, இவ்வளவு தூரம் வந்துவிட்டு வெறுங்கையோடு போகக் கூடாது என்று இரண்டு பெரிய டம்ளர் நிறைய ஐஸ் டீ கொடுத்தார். பாயசம் மாதிரி அப்படியொரு இனிப்பு. மிச்சம் வைத்தால் தப்பாக நினைப்பாரோ என்று முழுவதும் குடித்தேன்.

மே 15, கோரிந்த் வழியாக மஸ்ஸல் ஷோல்ஸ்

72ஆம் எண் நெடுஞ்சாலையில் கிழக்கே. மிசிசிப்பியின் கோரிந்தில் காலைச் சாப்பாட்டுக்கு நிறுத்தினோம். 1865இலிருந்து நடக்கும் மருந்துக் கடை ஒன்று இருக்கிறது, உள்ளேயே சோடா கவுன்டரும் சாப்பாடும். அங்கே ஸ்லக்பர்கர் என்று ஒன்று. பஞ்ச காலத்தில் இறைச்சியோடு மாவு கலந்து தட்டி எண்ணெயில் பொரித்த பழக்கம், இன்று ஊரின் பெருமை. கடுகுச் சாஸ், வெங்காயம், ஊறுகாய்த் துண்டு. வெளியே மொறுமொறு, உள்ளே மெத்து. நண்பன் மூன்று சாப்பிட்டான். டாக் ரஸ்ஸலின் கடையும் இப்படித்தான் இருந்திருக்குமோ என்று கவுன்டரில் உட்கார்ந்து யோசித்தேன்.

மதியம் ஃபேம் ஸ்டூடியோ, கிழக்கு ஆவலன் அவென்யூ. பக்கத்தில் துரித உணவுக் கடைகள், மருந்துக் கடை, சாலை நெரிசல். இங்கேயா என்று கேட்கத் தோன்றும். ஃபேமை நடத்திய ரிக் ஹால் 1961இல் ஒரு பழைய கிடங்கில் ஆர்தர் அலெக்ஸாண்டரின் "யூ பெட்டர் மூவ் ஆன்" பாட்டைப் பதிவு செய்தார். அலெக்ஸாண்டர் ஷெஃபீல்டில் ஹோட்டலில் பெட்டி தூக்கும் வேலை பார்த்தவர். அந்தப் பாட்டில் வந்த பணத்தில்தான் இந்தக் கட்டடம் எழுந்தது. அலெக்ஸாண்டரின் பாட்டுகளைப் பீட்டில்ஸும் பாடினார்கள், ரோலிங் ஸ்டோன்ஸும் பாடினார்கள். அவரோ பின்னாளில் கிளீவ்லாந்தில் பஸ் ஓட்டினார்.

1964இல் ஜிம்மி ஹியூஸின் "ஸ்டீல் அவே" தட்டை ஹால் தன் சொந்த லேபிளிலேயே போட்டார். தட்டுகளையும் கொஞ்சம் வோட்காவையும் காரில் ஏற்றிக்கொண்டு, பாடலாசிரியர் டான் பென்னோடு ஊர் ஊராக ரேடியோ நிலையங்களுக்குப் போனார். அந்தத் தட்டு தோற்கவில்லை, அதனால் இன்று அரிதும் இல்லை. மெம்ஃபிஸில் 5 டாலருக்கே பார்த்தேன்.

ஷெஃபீல்டில் 3614 ஜாக்சன் நெடுஞ்சாலை. ஹாலிடம் வாசித்த நான்கு பேர் 1969இல் பிரிந்து வந்து தொடங்கிய ஸ்டூடியோ. முன்பு சவப்பெட்டி விற்ற கட்டடம், எதிரே இடுகாடு. வழிகாட்டிப் பெண் எல்லாப் பிரபலங்களின் பெயரையும் மூச்சு விடாமல் சொன்னார். சுற்றிப் பார்த்தவர்கள் எல்லோரும் ரோலிங் ஸ்டோன்ஸ் உட்கார்ந்த இடத்தில் படம் எடுத்துக்கொண்டார்கள். நாங்களும்தான்.

இரவு பத்து மணிக்கு எல்லா ஃபோன்களும் ஒரே நேரத்தில் அலறின. சூறாவளி எச்சரிக்கை, உடனே உள்ளறைக்குப் போகவும். மோட்டல் உரிமையாளர் குஜராத்திக்காரர். கதவு கதவாகத் தட்டி எல்லோரையும் கீழ்த்தளத்து நடைவழிக்குக் கொண்டுவந்தார். மின்சாரம் போனது. நான் துணிப்பையில் தட்டுகளை மட்டும் எடுத்து வந்திருந்தேன், பாஸ்போர்ட் அறையில். நண்பன் தலையில் அடித்துக்கொண்டான். முக்கால் மணி நேரம் தரையில் உட்கார்ந்திருந்தோம். மின்கம்பி வேலைக்கு வந்த ஆட்கள் ஆறேழு பேர், ஒரு கைக்குழந்தையோடு இளம் தம்பதி. உரிமையாளரின் மனைவி டார்ச் வெளிச்சத்தில் தேப்லா என்ற குஜராத்தி ரொட்டியும் ஊறுகாயும் எல்லோருக்கும் கொடுத்தார். கம்பி ஆட்களில் வயதானவர் ஒருவர் என் பையைப் பார்த்து, எடுத்துக் காட்டச் சொன்னார். பிளேயர் இல்லை, கரண்ட்டும் இல்லை. ஒவ்வொரு லேபிளாக டார்ச் அடித்து வாசித்துக்கொண்டே போனார். ஜேம்ஸ் கார் வந்ததும் பாடவே ஆரம்பித்துவிட்டார், சுருதி சுத்தமாக. சூறாவளி எங்கள் பக்கம் வரவில்லை.

மே 16, ஃப்ளாரன்ஸ், நாஷ்வில்

கிளைகள் முறிந்து கிடந்த சாலையில் ஆற்றைத் தாண்டி ஃப்ளாரன்ஸ். 1959இல் ஃபேம் தொடங்கியது இங்கே, சிட்டி டிரக் ஸ்டோர் என்ற மருந்துக் கடையின் மாடியில். ஆக, மறுபடியும் மருந்துக் கடை! நண்பனே இப்போது எண்ண ஆரம்பித்துவிட்டான். இன்னொன்றும் சொன்னேன். பெர்சி ஸ்லெட்ஜ் என்ற ஆஸ்பத்திரி உதவியாளரை வைத்து 1966இல் அமெரிக்காவின் முதலிடப் பாட்டைப் பதிவு செய்தவர் குவின் ஐவி. அவர் ஷெஃபீல்டில் ரெக்கார்டு கடை வைத்திருந்தவர்.

மதியம் நாஷ்வில். பிராட்வே தெரு முழுக்க கௌபாய் பூட்ஸ் போட்ட கூட்டம், ஒவ்வொரு மாடியிலிருந்தும் ஒவ்வொரு பாட்டு. கார் நிறுத்த 35 டாலர். இந்தப் பயணத்தில் மனம் விட்டுத் திட்டியது இந்த ஊரில்தான்.

நான் தேடி வந்தது மூன்றாம் அவென்யூ வடக்கு. எர்னி யங் என்பவர் அங்கே ரெக்கார்டு கடை நடத்தினார். நாஷ்போரோ, எக்ஸெல்லோ லேபிள்கள் அவருடையவை. அந்தத் தெருவில் இப்போது அலுவலகங்களும் கார் நிறுத்துமிடங்களும். அன்று டபிள்யூ.எல்.ஏ.சி. ரேடியோ 50,000 வாட் சக்தியில் இரவு முழுக்கக் கறுப்பிசை ஒலிபரப்பியது. எர்னியின் கடை விளம்பரம் அதில் வரும், தலை எண்ணெய் விளம்பரம் வரும், தபாலில் கோழிக் குஞ்சு அனுப்புகிறோம் என்றும் விளம்பரம் வரும். பல மாநிலங்களிலிருந்து மக்கள் கடிதம் எழுதித் தட்டு வாங்கினார்கள்.

நகருக்கு வெளியே ஒரு பழம்பொருள் சந்தையில் தட்டு விற்ற பெரியவரிடம் எர்னி பெயரைச் சொன்னதும் நாற்காலியை இழுத்துப் போட்டார். சிறுவயதில் அலபாமா கிராமத்திலிருந்து எர்னிக்குக் கடிதம் போட்டு வாங்கியவராம். கட்டாக ஆறு தட்டு வரும், அதில் ஒன்றிரண்டு ரேடியோவில் கேட்ட பாட்டு, மீதி எர்னியின் கடையில் விற்காமல் தேங்கியது. "எங்க அண்ணன் வேண்டாத தட்டை வெச்சு நாய்க்கு எறிஞ்சு விளையாடுவான். இப்ப உங்களை மாதிரி ஆளுங்க வந்து அந்த வேண்டாத தட்டைத்தான் கேக்கறீங்க" என்று சிரித்தார். அவரிடம் எக்ஸெல்லோ தட்டு நான்கு எடுத்தேன், 30 டாலர் சொன்னார், 25 கொடுத்தேன். பேரம் பேசியதற்கு அவர் முகம் சுளிக்கவில்லை. உறை இல்லாத தட்டுக்குத் தன் பையிலிருந்து உறை எடுத்துப் போட்டார்.

அவரிடம் ஜேம்ஸ் காரின் "டார்க் எண்ட் ஆஃப் தி ஸ்ட்ரீட்" இருந்தது. அந்தப் பாட்டு எழுதப்பட்டதே நாஷ்வில்லில். ரேடியோக்காரர்கள் மாநாட்டுக்கு வந்த இடத்தில் சீட்டாட்டத்துக்கு நடுவே டான் பென்னும் சிப்ஸ் மோமனும் எழுதினார்கள். எழுதிய அறை கிளான்ச்சுடையது. பாட்டை ஜேம்ஸ் காருக்குக் கொடுப்பதாக இருந்தால் அறையைத் தருகிறேன் என்றாராம். பதிவானது ராயலில், நாங்கள் வெளியே நின்று பார்த்துவிட்டு வந்த இடத்தில்.

என்னிடம் அது ஏற்கெனவே இருந்ததால் கீழே வைத்தேன். நண்பன் எடுத்தான். பேரம் பேசாமல் 20 டாலர் கொடுத்தான்.

ஹன்ட்ஸ்வில் போகும் சாலையில் ஒரு மணி நேரம் கழித்துத்தான் கேட்டான், ஓரளவு நல்ல பிளேயர் எவ்வளவு ஆகும் என்று. பிளேயர், ஸ்பீக்கர் எல்லாம் சேர்த்து 400 டாலரில் ஆரம்பிக்கலாம் என்றேன். "நேத்து கராஜ்ல அந்தாள் கேட்டதும் 400தான்" என்றான். அது நேற்றில்லை, முந்தாநாள் என்று திருத்தினேன்.